‘அவர் பதில் சொல்லவில்லை’: ஸ்காட்லாந்து வாக்கெடுப்பில் செய்தியே செய்தியானது எப்படி?

2014 செப்டம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை. ஸ்காட்லாந்து தனி நாடாக வேண்டுமா என்ற பொது வாக்கெடுப்புக்கு இன்னும் நான்கே நாள். பொதுவாக இந்த நேரத்தில் தொண்டர்கள் வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருப்பார்கள். ஆனால் அன்று கிளாஸ்கோவில், கிளைடு ஆற்றங்கரையில் இருக்கும் பிபிசி ஸ்காட்லாந்து தலைமை அலுவலகத்தின் முன்பு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கொடியும் பதாகையுமாகத் திரண்டார்கள். ஒரு பெரிய பேனரில் பிபிசியின் அப்போதைய அரசியல் பிரிவு ஆசிரியர் நிக் ராபின்சனின் முகம். அவரை வேலையை விட்டுத் தூக்க வேண்டும் என்பதுதான் கோரிக்கை.

பிரதமர் மேல் கோபம் என்றால் புரிகிறது. ஒரு நிருபர் மேல் ஏன் இத்தனை கோபம்?

விஷயம் மூன்று நாள் முன்பு தொடங்கியது. செப்டம்பர் 11 அன்று எடின்பரோவில் வெளிநாட்டு ஊடகங்களுக்காக ஒரு செய்தியாளர் சந்திப்பு. பேசுபவர் அலெக்ஸ் சால்மண்ட். ஸ்காட்லாந்தின் முதல்வர், ஸ்காட்லாந்து தேசியக் கட்சியின் (எஸ்என்பி) தலைவர், தனி நாடு கோரிக்கையின் முகம். முந்தின நாள் ராத்திரிதான் ஒரு குண்டு விழுந்திருந்தது: தனி நாடானால் ஆர்பிஎஸ் வங்கி, அதாவது ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து, தன் பதிவு அலுவலகத்தை லண்டனுக்கு மாற்றிவிடும்.

ராபின்சன் எழுந்து இரண்டு கேள்வி கேட்டார். ஒன்று, வங்கி போனால் வரி வருமானம் என்ன ஆகும்? இரண்டு, பல நூறு கோடி பவுண்டு லாபத்துக்குப் பொறுப்பானவர்கள் சொல்வதை விட்டுவிட்டு ஒரு அரசியல்வாதியை மக்கள் ஏன் நம்ப வேண்டும்?

சால்மண்ட் சில நிமிடங்கள் விடாமல் பேசினார். வரி என்பது தொழில் எங்கே நடக்கிறதோ அங்கேதான். வாசலில் மாட்டும் பெயர்ப் பலகைக்கு அல்ல என்றார். வேலைகளை மாற்றும் எண்ணமில்லை என்று வங்கியின் தலைமை அதிகாரியே ஊழியர்களுக்குக் கடிதம் எழுதியிருப்பதைச் சுட்டிக்காட்டினார். பிறகு தாக்குதலைத் திருப்பினார்: வங்கி முறைப்படி அறிவிக்கும் முன்பே, சந்தையைப் பாதிக்கக்கூடிய இந்தத் தகவல் பிரிட்டன் நிதித்துறை வழியாகப் பத்திரிகையாளர்களுக்கு எப்படிப் போனது? அதை விசாரிக்க வேண்டாமா? பிபிசியும் ஒத்துழைக்குமா? அரங்கில் கைதட்டல். இரண்டாவது கேள்விக்கு நேரடியாகப் பதில் வரவில்லை என்பது உண்மை. ராபின்சன் அதை உட்கார்ந்த இடத்திலிருந்தே சத்தமாகச் சொல்லவும் செய்தார்.

அன்று இரவு பிபிசி செய்தியில் இந்தக் காட்சி சில நொடிகளாகச் சுருங்கியது. ராபின்சன் கேட்ட கேள்வி வந்தது. அதன் மேல் அவருடைய குரல் வந்தது: அவர் பதில் சொல்லவில்லை.

பத்து வருடம் முன்பு என்றால் கதை அதோடு முடிந்திருக்கும். 2014-ல் முடியவில்லை. முழு சந்திப்பின் வீடியோவும் இணையத்தில் இருந்தது. யாரோ இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒட்டினார்கள். ஒரு பக்கம், நிமிடக்கணக்கில் பேசும் முதல்வர். இன்னொரு பக்கம், ‘பதில் சொல்லவில்லை’. ஃபேஸ்புக்கில் அது பறந்தது. மூன்றாம் நாள் கூட்டம் பிபிசி வாசலில் நின்றது.

கேள்விகள் நியாயமானவை, செய்தி நடுநிலையானது என்றது பிபிசி. அந்த வரியை இன்னும் கவனமாகச் சொல்லியிருக்கலாம் என்று பின்னாளில் ராபின்சனே வருத்தப்பட்டார். ஆனால் அலுவலக வாசலில் நடந்த போராட்டத்தை அவர் புதினின் ரஷ்யாவோடு ஒப்பிட்டுப் பேச, அது தனிச் சண்டையானது.

ஒரு வரிக்கு இவ்வளவு பெரிய ரகளையா என்று தோன்றலாம். அந்த வரி கடைசித் துரும்புதான். பாரம் அதற்கு முன்பே இரண்டு வருடமாக ஏறிக்கொண்டிருந்தது.

பேப்பர் எல்லாம் ஒரே பக்கம்

2012 அக்டோபரில் பிரிட்டன் பிரதமர் டேவிட் கேமரனும் சால்மண்டும் எடின்பரோவில் ஒப்பந்தம் போட்டார்கள். அதன்படி ஒரே ஒரு கேள்வி: ‘ஸ்காட்லாந்து ஒரு சுதந்திர நாடாக இருக்க வேண்டுமா?’ பதில் ஆம் அல்லது இல்லை. 16, 17 வயதுக்காரர்களுக்கும் வாக்கு உண்டு.

பிரிட்டனில் டிவிக்கும் பேப்பருக்கும் விதி வேறு வேறு. டிவியும் ரேடியோவும் சட்டப்படி நடுநிலையாக இருக்க வேண்டும். கடைசி 16 வாரப் பிரச்சாரக் காலத்தில் இரண்டு தரப்புக்கும் சம இடம் தர வேண்டும். பேப்பருக்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. முதலாளிக்கும் ஆசிரியருக்கும் எது சரி என்று படுகிறதோ அதைத் தலையங்கமாக எழுதலாம்.

விளைவு? ‘டைம்ஸ்’, ‘டெலிகிராஃப்’, ‘டெய்லி மெயில்’, ‘ஃபைனான்ஷியல் டைம்ஸ்’ எல்லாம் ‘இல்லை’ பக்கம். இடதுசாரிச் சாய்வுள்ள ‘கார்டியன்’, எடின்பரோவின் ‘ஸ்காட்ஸ்மன்’ இரண்டும் அங்கேதான் போய் நின்றன. ‘ஆம்’ என்று சொன்னது ஒன்றே ஒன்று. 2014 மே மாதம் ‘சண்டே ஹெரால்ட்’ வார இதழ், எழுத்தாளரும் ஓவியருமான அலஸ்டேர் கிரே வரைந்த அட்டையோடு தன் ஆதரவை அறிவித்தது.

எண்ணிப் பாருங்கள். வாக்காளர்களில் 44.7 சதவீதம் பேர் கடைசியில் ‘ஆம்’ என்றார்கள். அவர்கள் எண்ணத்தைத் தலையங்கமாக எழுத வாரத்துக்கு ஒருநாள் வரும் ஒரே ஒரு பேப்பர்தான் இருந்தது. மீதி ஆறு நாளும் அவர்கள் போன இடம் ‘விங்ஸ் ஓவர் ஸ்காட்லாந்து’, ‘பெல்லா கலிடோனியா’ மாதிரியான இணையதளங்கள். வாசகர்களிடம் நன்கொடை வாங்கி ஓடியவை இவை. இவற்றில் சில எந்தப் பேப்பருக்கும் சளைக்காத அளவுக்கு ஒருதலைப்பட்சமானவை என்பதையும் சொல்லியாக வேண்டும். ‘இல்லை’ பிரச்சாரத்துக்குப் பத்து லட்சம் பவுண்டு கொடுத்த எழுத்தாளர் ஜே.கே.ரவுலிங்கை ட்விட்டரில் வாய்க்கு வந்தபடி திட்டியதும் இதே காலத்தில்தான்.

ஆனால் கோபம் பேப்பர்கள் மேல் பெரிதாகத் திரும்பவில்லை. அவை எந்தப் பக்கம் என்பது ஊருக்கே தெரியும். கட்டணம் கட்டிப் பார்க்கும், எல்லோருக்கும் பொதுவான பிபிசி மேல்தான் கோபம்.

பொய் சொல்லாமலே சாய முடியுமா?

முடியும் என்பதுதான் ‘ஆம்’ தரப்பின் வாதம். அதை அளந்து பார்க்க முயன்றவர் வெஸ்ட் ஆஃப் ஸ்காட்லாந்து பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் ராபர்ட்சன். பிபிசி, எஸ்டிவி இரண்டின் மாலைச் செய்திகளையும் 2012 செப்டம்பரிலிருந்து ஒரு வருடத்துக்கு ஆராய்ந்தார். தனி நாட்டுக்குச் சாதகமில்லாத செய்திகள் அதிகம் என்றும், பொருளாதாரக் கெட்ட செய்தியோடு புல்லட்டின் தொடங்குவது வழக்கமாக இருந்தது என்றும், கோரிக்கை முழுவதும் சால்மண்ட் என்ற ஒற்றை ஆளின் ஆசையாகக் காட்டப்பட்டது என்றும் 2014 ஜனவரியில் எழுதினார். ஆய்வு முறையே தப்பு என்றது பிபிசி. அவருடைய பல்கலைக்கழகத்துக்கே எழுதியது. அது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியது மாதிரி ஆனது.

ராபர்ட்சனின் எண்ணிக்கை சரியா தப்பா என்பது ஒருபுறம் இருக்கட்டும். பிரச்சினையின் வேர் எண்ணிக்கையில் இல்லை, கேள்வி யாரிடம் போகிறது என்பதில் இருக்கிறது.

கூட்டுக் குடும்பத்தில் மகன் தனிக்குடித்தனம் போகிறேன் என்கிறான். உடனே என்ன நடக்கும்? வாடகை எவ்வளவு, அட்வான்ஸுக்கு எங்கே போவாய், கேஸ் கனெக்‌ஷன் யார் பெயரில், குழந்தையை யார் பார்ப்பது? எல்லாமே நியாயமான கேள்விகள். யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் ‘இங்கேயே இருந்தால் அடுத்த அஞ்சு வருஷத்தில் இந்த வீடு என்ன ஆகும்?’ என்று அப்பாவிடம் யாரும் கேட்பதில்லை. இருப்பது அப்படியே இருக்கும் என்பது எல்லோருக்கும் ஒரு நினைப்பு.

ஸ்காட்லாந்தில் நடந்தது அதுதான். நாணயத்தை எடுத்துக்கொள்வோம். 2014 பிப்ரவரியில் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் எடின்பரோ வந்து, பிரிந்து போனால் பவுண்டில் பங்கு கிடையாது என்றார். அன்றிலிருந்து வாக்கெடுப்பு நாள்வரை சால்மண்ட் போன இடமெல்லாம் ‘உங்கள் இரண்டாவது திட்டம் என்ன?’ என்பதே கேள்வி. ஆகஸ்ட் 5 அன்று எஸ்டிவி விவாதத்தில் ‘இல்லை’ தரப்பின் அலிஸ்டர் டார்லிங் அவரை மடக்கியதும் இதே கேள்வியில்தான். அதில் ஊடகத்தைக் குறை சொல்ல முடியாது. சம்பளம் எந்தக் காசில் வரும் என்று தெரியாமல் யார் வாக்களிப்பார்கள்? சால்மண்டிடம் அதற்கு உறுதியான பதில் இருக்கவும் இல்லை.

ஐரோப்பிய ஒன்றியம் வேறு கதை. ஆஸ்போர்ன் பேசிய அதே பிப்ரவரியில், ஐரோப்பிய ஆணையத் தலைவராக இருந்த பரோஸோ, தனி ஸ்காட்லாந்து ஒன்றியத்தில் சேருவது மிகமிகக் கடினம் என்று பிபிசி பேட்டியில் சொன்னார். தலைப்புச் செய்தி. ‘பிரிந்தால் ஐரோப்பா போய்விடும்’ என்பது ‘இல்லை’ தரப்பின் பலமான ஆயுதமானது. ஆனால் ஒன்றியத்தில் நீடிப்பதா என்று பிரிட்டன் முழுக்க வாக்கெடுப்பு நடத்துவேன் என்று கேமரன் 2013 ஜனவரியிலேயே வாக்குறுதி கொடுத்திருந்தார். அப்படியென்றால் பிரியாமல் இருந்தாலும் ஐரோப்பா போகலாமே? ‘ஆம்’ தரப்பு இதைச் சொல்லிப் பார்த்தது. ஆனால் சால்மண்டை மடக்கிய வேகத்தில் கேமரனை இந்தக் கேள்வி துரத்தவில்லை. 2016-ல் ஸ்காட்லாந்து வாக்காளர்களில் 62 சதவீதம் பேர் ஒன்றியத்திலேயே இருப்போம் என்று வாக்களித்தும் வெளியே வர வேண்டியதானது.

பிபிசியின் நிலைமையில் இன்னொரு சிக்கலும் இருந்தது. தனி நாடானால் பிபிசி ஸ்காட்லாந்தை அடித்தளமாக வைத்து ஒரு புதிய தேசிய ஒளிபரப்பு நிறுவனம் தொடங்குவோம் என்று 2013 நவம்பரில் வெளியிட்ட வெள்ளை அறிக்கையில் ஸ்காட்லாந்து அரசு எழுதியிருந்தது. மேட்ச் முடிந்ததும் நடுவரின் வேலையே மாறப்போகிறது என்றால், அவர் எவ்வளவு நேர்மையாக விசில் ஊதினாலும் கேலரியில் ஒருத்தன் சந்தேகமாகத்தான் பார்ப்பான்.

கருத்துக்கணிப்பு ஒன்று, காகிதத்தோல் ஒன்று

செப்டம்பர் 7 காலை ‘சண்டே டைம்ஸ்’ ஒரு கருத்துக்கணிப்பை வெளியிட்டது. முடிவு செய்யாதவர்களை விட்டுவிட்டுப் பார்த்தால் ‘ஆம்’ 51, ‘இல்லை’ 49. யூகவ் நிறுவனம் எடுத்தது. இரண்டு புள்ளி வித்தியாசம் என்பது பிழை எல்லைக்குள் அடங்கும் சமாச்சாரம். மற்ற கணிப்புகளில் பெரும்பாலானவை ‘இல்லை’ முன்னணி என்றே சொல்லிக்கொண்டிருந்தன. ஆனால் யார் அதைப் பார்த்தார்கள்?

திங்கட்கிழமை பவுண்டு மதிப்பு சரிந்தது. புதன்கிழமை கேமரனும் எதிர்க்கட்சித் தலைவர் எட் மிலிபேண்டும் நாடாளுமன்றக் கேள்வி நேரத்தையே விட்டுவிட்டு வடக்கே ஓடினார்கள். பேப்பர் காசு கொடுத்துக் கணிப்பு எடுக்கச் சொல்கிறது. கணிப்பைப் பேப்பரே செய்தியாக்குகிறது. செய்தியைப் பார்த்துச் சந்தை ஆடுகிறது. சந்தை ஆடியது அடுத்த நாள் செய்தி. இந்தச் சுழற்சியில் வாக்காளர் எங்கே இருந்தார் என்று தேடித்தான் பார்க்க வேண்டும்.

அடுத்த வாரம் இன்னும் விசேஷம். 16-ம் தேதி ‘டெய்லி ரெக்கார்ட்’ பேப்பரின் முதல் பக்கம், பழைய அரசாணை மாதிரி காகிதத்தோல் டிசைனில் வந்தது. தலைப்பு: ‘சபதம்’. கீழே கேமரன், மிலிபேண்ட், துணைப் பிரதமர் நிக் கிளெக் மூவரின் கையெழுத்து. ‘இல்லை’ என்று வாக்களித்தால் ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்துக்குப் பெரிய அளவில் புதிய அதிகாரங்கள் நிச்சயம் என்றது அது.

ஏன் பேப்பரில்? ஒரு அரசாங்கம் செய்யும் அறிவிப்பை ஒரு டேப்ளாய்டு ஏன் செய்ய வேண்டும்? வாக்கெடுப்புக்கு முந்தைய 28 நாள் அரசுகள் புதிய அறிவிப்புகள் எதுவும் செய்யக் கூடாது. அதனால் இது அரசு அறிவிப்பு அல்ல. மூன்று கட்சித் தலைவர்கள் மக்களுக்குக் கொடுத்த வாக்கு. படிப்பவர்களில் எத்தனை பேருக்கு அந்த வேறுபாடு தெரிந்திருக்கும் என்பது வேறு விஷயம். மூவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்ட காகிதத்தோல் என்று ஒன்று கிடையாது. அந்த ஆவணமே ஒரு பக்க வடிவமைப்புதான்.

முடிவை மாற்றியது இந்தப் பக்கம்தான் என்று இன்றும் பேசுபவர்கள் உண்டு. கொஞ்சம் நிதானம் தேவை. கிட்டத்தட்ட 7.9 லட்சம் பேர் தபால் வாக்குக்குப் பதிவு செய்திருந்தார்கள். அதில் நிறைய உறைகள் ‘சபதம்’ அச்சாகும் முன்பே தபாலில் போய்விட்டன.

இந்தக் கடைசி வாரத்தில் அரசியும் செய்தியில் வந்தார். தேவாலயத்துக்கு வந்த எலிசபெத், வெளியே நின்ற ஒருவரிடம், மக்கள் எதிர்காலத்தைப் பற்றி மிகவும் கவனமாக யோசிப்பார்கள் என்று நம்புவதாகச் சொன்னார். ஏதோ போகிற போக்கில் சொன்னது மாதிரி எல்லாப் பேப்பரிலும் வந்தது. அரண்மனை ஒரு புருவத்தையாவது உயர்த்தினால் நன்றாக இருக்கும் என்று அரசியின் அதிகாரிகளிடம் தான் கேட்டதை ஐந்து வருடம் கழித்து, 2019-ல் கேமரனே பிபிசி ஆவணப்படத்தில் சொன்னார்.

முடிவு வந்தது, சண்டை முடியவில்லை

செப்டம்பர் 18 அன்று 84.6 சதவீத வாக்குப்பதிவு. ‘இல்லை’ 55.3, ‘ஆம்’ 44.7. மொத்தம் 32 உள்ளாட்சிப் பகுதிகளில் ‘ஆம்’ ஜெயித்தது கிளாஸ்கோ, டண்டீ உட்பட நான்கில் மட்டும். அன்றைக்கு அமெரிக்காவின் சிஎன்என் ஒரு கிராஃபிக் போட்டது: ‘ஆம்’ 58, ‘இல்லை’ 52. கூட்டினால் 110. இரண்டு வருடமாக ஊடகத்தைத் திட்டியவர்கள் அன்றாவது கொஞ்சம் சிரித்திருப்பார்கள்.

சிரிப்பு நீடிக்கவில்லை. டண்டீ வாக்கு எண்ணும் மையத்தில் ‘இல்லை’ என்று எழுதிய மேஜையில் ‘ஆம்’ சீட்டுகள் கிடப்பதாக ஒரு வீடியோ ஓடியது. பிரிப்பதற்கு முன்னால் கட்டுகளை அங்கே வைத்திருந்தோம், அவ்வளவுதான் என்று தேர்தல் அதிகாரிகள் விளக்கினார்கள். மறு எண்ணிக்கை கேட்ட ஆன்லைன் மனுவில் கையெழுத்து குவிந்தது நிற்கவில்லை. டிவி சொன்னால் நம்ப மாட்டேன் என்று இரண்டு வருடமாகப் பழகியவர்கள் அதிகாரி சொன்னாலும் நம்பவில்லை. ஊடகத்தின் மேல் உள்ள சந்தேகத்தில் நியாயமும் இருக்கும், நியாயமில்லாத வால் ஒன்றும் கூடவே வரும்.

மறுநாள் சால்மண்ட் பதவி விலகல் அறிவித்த செய்தியாளர் சந்திப்புக்குச் சில பெரிய பேப்பர்களின் நிருபர்களை உள்ளே விடவில்லை. ஊடகம் ஒருதலைப்பட்சம் என்று புகார் சொன்னவர் கதவைச் சாத்தியது எந்த வகை நியாயம் என்று கேட்டால், அதற்கு நல்ல பதில் இல்லை.

தோற்ற தரப்பு கலைந்து போகும் என்பதுதான் எல்லோரின் கணக்கும். நடந்தது தலைகீழ். வாக்கெடுப்பு நாளில் சுமார் 25,000 உறுப்பினர்களோடு இருந்த எஸ்என்பி, ஆறு மாதத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டியது. 2015 மே பொதுத்தேர்தலில் ஸ்காட்லாந்தின் 59 தொகுதிகளில் 56-ஐ அள்ளியது.

இந்தக் கூட்டம் வாசகர்களும்கூட என்பதை ஒரு பத்திரிகை நிறுவனம் முதலில் கவனித்தது. ‘சண்டே ஹெரால்ட்’டை நடத்திய நியூஸ்குவெஸ்ட், 2014 நவம்பர் 24 அன்று ‘தி நேஷனல்’ என்ற தினசரியைத் தொடங்கியது. தனி நாட்டை வெளிப்படையாக ஆதரிக்கும் தினசரி. ஐந்தே நாள் சோதனை என்றார்கள். முதல் நாள் பிரதிகள் விற்றுத் தீர்ந்தன, சோதனை நிரந்தரமானது.

‘சன்’ பேப்பரின் கதை இன்னும் வேடிக்கை. 2007 தேர்தல் நாளில் எஸ்என்பி சின்னத்தைத் தூக்குக் கயிறாக மாற்றி முதல் பக்கத்தில் போட்டது அதன் ஸ்காட்லாந்து பதிப்பு. 2014-ல் எந்தப் பக்கமும் சொல்லவில்லை. 2015-ல், ஒரே நாளில், ஒரே முதலாளியின் ‘சன்’ லண்டனில் கன்சர்வேடிவ் கட்சிக்கு வாக்குக் கேட்டது. ஸ்காட்லாந்தில் எஸ்என்பிக்குக் கேட்டது. கொள்கை மாறியதா, கடையில் நிற்கும் வாடிக்கையாளர் மாறினாரா என்று கேட்கவே வேண்டாம்.

பிபிசியும் அசைந்தது. ஸ்காட்லாந்தின் பார்வையிலிருந்து உலகச் செய்தியையும் சேர்த்துச் சொல்லும் ஒரு மணி நேரச் செய்தி வேண்டும் என்பது பல வருடக் கோரிக்கை. 2019 பிப்ரவரியில் பிபிசி ஸ்காட்லாந்து என்ற தனி சேனலும், இரவு 9 மணிக்கு ‘தி நைன்’ என்ற செய்தி நிகழ்ச்சியும் வந்தன. பார்வையாளர் எண்ணிக்கை கைகொடுக்கவில்லை. 2024-ல் அதை நிறுத்தப்போவதாக அறிவித்து, பிறகு 7 மணிக்கு அரை மணி நேரச் செய்தியாகச் சுருக்கினார்கள். பாரபட்சம் என்று வாசலில் நின்ற கூட்டம், மாற்று கிடைத்தபோது டிவி முன் உட்காரவில்லை. அதற்குள் அவர்கள் கையில் போன் இருந்தது.

அரசியல் களத்தில், இரண்டாவது வாக்கெடுப்பு நடத்த வெஸ்ட்மின்ஸ்டரின் சம்மதம் இல்லாமல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தால் சட்டம் போட முடியாது என்று 2022 நவம்பர் 23-ல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ‘சபதம்’ கொடுத்த அதிகாரங்கள் 2016 ஸ்காட்லாந்து சட்டத்தில் வந்தன. வருமான வரி விகிதத்தை நிர்ணயிப்பது அதில் முக்கியமானது. கொடுத்தது சபதத்துக்குப் போதுமா என்பதில் இன்றும் இரண்டு தரப்புக்கும் ஒத்துப்போகவில்லை.

அந்தக் காகிதத்தோல் பக்கத்தை வெளியிட்ட ‘டெய்லி ரெக்கார்ட்’ ஆசிரியர் மரே ஃபூட், 2018-ல் வேலையிலிருந்து விலகிய பிறகு, தான் இப்போது தனி நாட்டை ஆதரிப்பதாக எழுதினார். பின்னர் எஸ்என்பியின் ஊடகப் பிரிவுத் தலைவரானார். கட்சி உறுப்பினர் எண்ணிக்கை பற்றிப் பத்திரிகைகளுக்குத் தன் மூலமாகத் தவறான தகவல் போய்விட்டது என்று 2023 மார்ச்சில் அந்தப் பொறுப்பை விட்டார். அதே வருடம் ஆகஸ்டில் கட்சியின் தலைமை நிர்வாகி ஆனார்.